கட்டிலை ஊடுருவும் கதவு

கட்டட வரைபடத்தில் கதவு என்பது ஒரு கோடும் ஒரு வில்லுமே; அந்த வில், கதவு எப்பக்கம் திறந்து எவ்வளவு இடத்தை விழுங்கும் என்பதைப் பழகிய கண்ணுக்குச் சொல்லிவிடும் என்றாலும், வீடு கட்டிக்கொள்பவருக்குப் பெரும்பாலும் அது ஓர் அலங்கார வளைவாகவே தோன்றுகிறது. முப்பரிமாண மாதிரிகளில் பொருள்களுக்கு அசைவூட்டி, சொடுக்கினால் திறக்கவும் இழுத்தால் நீளவும் செய்யும் பழக்கம் இக்குறையை எவ்வளவு தூரம் நிவர்த்தி செய்கிறது என்பதே நம் விசாரணை.

இதற்கு ஸ்கெட்ச்அப் மென்பொருளை உதாரணமாகக் கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்டர் நகரத்து நிறுவனமொன்றால் வெளியிடப்பெற்று, 2006இல் கூகுளிடமும் 2012இல் டிரிம்பிளிடமும் கைமாறிய அம்மென்பொருளில், 2008இல் வந்த ஏழாம் பதிப்பு 'டைனமிக் காம்பொனென்ட்' என்னும் வசதியைச் சேர்த்தது. ஒரு பொருளின் நீளம், அகலம், இருக்குமிடம், சுழலும் கோணம் ஆகியவற்றைக் கணக்குத்தாளில் எழுதுவதுபோலச் சூத்திரங்களாக எழுதிவிட்டால், அவை அப்பொருளோடு ஒட்டிக்கொள்கின்றன. செங்குத்து அச்சில் பூஜ்யத்திலிருந்து தொண்ணூறு பாகை சுழலவேண்டும் என்று விதித்த கதவு, சொடுக்கியதும் அவ்வாறே திறக்கிறது.

இவ்வசதியின் ஆழ்ந்த பயன் அசைவில் இல்லை, விதியில் இருக்கிறது. விதி எழுதப்பெற்ற வேலியை இழுத்தால் அதன் கம்புகள் பருத்து விகாரமடைவதில்லை, எண்ணிக்கையில் பெருகுகின்றன. மாடிப்படியை உயர்த்தினால் படிகள் நெட்டையாவதில்லை, புதிய படிகள் சேருகின்றன. பொருள் எவ்வாறு வளரவேண்டும் என்ற தச்சரின் ஞானமே மாதிரிக்குள் குடியேறிவிடுவதால், அதை எடுத்தாள்பவர் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து வரைய வேண்டிய சிரமம் நீங்குகிறது. கேட்பதற்குச் சங்கோசப்படும் வாடிக்கையாளரும், அலமாரியின் இழுப்பறையைத் தாமே திறந்து பார்க்கும்போது தம் ஐயத்தைத் தாமே தீர்த்துக்கொள்கிறார்.

குறைகளும் அற்பமானவை அல்ல. பொருளின் அச்சு கீல் இருக்கும் விளிம்பில் அமையாவிட்டால் கதவு நடுவில் குத்தி வைத்ததுபோல் சுழலும். ஒன்றன் பிரதிகளாக இருந்தவை, அளவு மாறியதும் தனித்தனி உருப்படிகளாகப் பிரிந்து கோப்பைக் கனக்கச் செய்யும். காட்சிகளைச் சலனப்படமாக ஏற்றுமதி செய்தால் கேமராவின் பயணம் பதிவாகுமேயன்றிச் சொடுக்கித் திறந்த கதவின் அசைவு பதிவாகாது. இவையெல்லாம் பயிற்சியாலும் துணைக் கருவிகளாலும் ஓரளவு சமாளிக்கத்தக்கவை.

சமாளிக்க இயலாத குறை வேறு. இம்மாதிரியில் பொருளுக்கு எடையுமில்லை, தடையுமில்லை. தேக்குக் கதவும் ஒட்டுப்பலகைக் கதவும் ஆக்கியோன் குறித்த வேகத்திலேயே திறக்கின்றன. எதிரே கட்டில் கிடந்தால் அதில் முட்டி நிற்காமல் அதனை ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. ஆக்கியோன் முன்கூட்டி எண்ணி விதித்ததைத் தவிர வேறெதையும் மாதிரி அறியாது என்பதால், வினாவை எழுதியவரே விடையையும் எழுதிவைத்த பரீட்சையாக அது முடிந்துவிடக்கூடும்.

ஆயினும், ஊடுருவும் கதவைக் காண்பவர் இடம் போதவில்லை என்பதை அக்கணமே உணர்கிறார் என்பதை மறுக்கலாகாது. அவ்வகையில் அக்குறை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் குறை. காட்சி நயத்துக்காகக் கட்டிலைத் தொடாத கோணத்திலேயே கதவு நிற்குமாறு சூத்திரத்தைத் திருத்தி, அறையின் அமைப்பைத் திருத்தாமல் விடும்போதுதான் மாதிரி பொய் சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பொய்யும், அசையாத படத்தைக் காட்டிலும் அசையும் படத்தையே மனம் எளிதில் நம்பும் என்ற காரணத்தால், இரட்டிப்பு அபாயமாகிறது.

ஆகவே இவ்வசதியைப் புறக்கணிக்கவும் வேண்டியதில்லை, எல்லாப் பொருள்களுக்கும் பூட்டி மகிழவும் வேண்டியதில்லை. எந்தப் பொருளின் இயக்கம் இடத்தின் அளவையோ அமைப்பையோ பற்றிய ஒரு தீர்மானத்தை மாற்றக்கூடுமோ, அதற்கு மட்டும் அசைவைக் கொடுப்பதும், அசைவு அம்பலப்படுத்தும் மோதலை மறைக்காமல் வாடிக்கையாளர் முன் வைப்பதும் வடிவமைப்பாளரின் கடமை. எஞ்சிய அசைவெல்லாம் வெறும் வேடிக்கையே.