அப்புவின் இரண்டு ஞாபகங்கள்

தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) பற்றிப் பேச்செடுத்தாலே அது ஒழுக்கம், மீறல் என்றுதான் போய் முடிகிறது. அலங்காரத்தம்மாள் செய்தது சரியா, தப்பா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுப் படித்தால், எனக்கு இது ஞாபகத்தைப் பற்றிய நாவலாகத் தெரிகிறது.

அப்பு சின்ன வயதிலேயே காவிரிக்கரை வேத பாடசாலைக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே வாலிபனாகிறவன். அவன் படிப்பே மனப்பாடம்தான். வேதத்தை ஓதும் முறைகளில் கனம் என்று ஒன்று உண்டு. மூன்று சொற்களை 1-2-2-1-1-2-3-3-2-1-1-2-3 என்று முன்னும் பின்னுமாகச் சொல்ல வேண்டும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: செக்சம் மாதிரி. ஒரு சொல் இடம் மாறினால் அடுத்த திருப்பத்திலேயே இடறிவிடும். பிழையைக் காட்டிக்கொடுக்கிற ஏற்பாடு ஞாபகத்துக்குள்ளேயே இருக்கிறது.

அப்புவிடம் இன்னொரு ஞாபகமும் இருக்கிறது: அம்மா. அதற்கு இப்படி எந்தக் காவலும் கிடையாது.

உளவியல் முதலாண்டுப் பாடத்தில் தவறாமல் வரும் சோதனை ஒன்று. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டினார்கள். கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்று சிலரிடமும், ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததா என்று கேட்டபோது, ‘மோதிய’ குழுவில் 50 பேரில் 7 பேர் ஆமாம் என்றார்கள்; ‘நொறுங்கிய’ குழுவில் 50-க்கு 16. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஞாபகம் பெட்டியில் பூட்டிவைத்த பொருள் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது.

இந்து, அப்புவின் அம்மாவைப் பற்றிச் சொல்வது இப்படியொரு சொல்தான். அப்பு கோபப்படுகிறான், நம்ப மறுக்கிறான். ஆனால் சென்னை வீட்டுக்கு வந்தபிறகு சிவசுவின் வருகை, கடைசிக் குழந்தைகளின் முகஜாடை, அப்பா தண்டபாணியின் மௌனம் எல்லாமே அந்தச் சொல்லின் வெளிச்சத்தில்தான் அவனுக்குத் தெரிகின்றன.

லாஃப்டஸின் சோதனையிலிருந்து நாவல் விலகுவதும் இங்கேதான். அங்கே சொல் பொய்யை நுழைத்தது. இந்து சொன்னதோ உண்மை. அதாவது திருத்தப்பட்ட ஞாபகம்தான் சரியான ஞாபகம். அப்படியானால் பழைய அம்மா பொய்யா? சோறு போட்டவள் அவளே, மனசுக்குள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளும் அவளே. துல்லியத்தை அளக்கும் பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. ஜானகிராமனும் பதில் சொல்லவில்லை. அப்புவைத் தவிக்க விடுகிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு. நாவல் பெரும்பாலும் அப்புவின் தோள் பின்னாலேயே நிற்கிறது. தன் பாவம் கரைய மகன் வேதம் படிக்கட்டும் என்று நினைத்தவள் அலங்காரம். மறக்க முடியாத ஒருத்தி, எதையும் மறக்கக் கூடாத இடத்துக்கு மகனை அனுப்புகிறாள். எவ்வளவு பெரிய விஷயம்! அவளுக்கு என்னென்ன ஞாபகம் இருந்தது என்பதை இன்னும் கொஞ்சம் கேட்க விட்டிருக்கலாம். அவள் காசிக்குப் போய்விடுகிறாள். அவள் பக்கத்து ஞாபகமும் கூடவே போய்விடுகிறது.

இருபதுகளின் கடைசியில் நம்மில் பலரும் அப்பா அம்மாவைப் பற்றி ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்கிறோம். அதை வைத்துக்கொண்டு மொத்தச் சிறுவயதையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம். அந்த வயதில் இருப்பவர்கள் இந்த நாவலை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. தீர்ப்பு சொல்லும் அவசரம் கொஞ்சம் குறையும்.