கருவிழியும் கூலியும்

இணையத்தில் எதிரே இருப்பது மனிதரா, இயந்திரமா என்று மெய்ப்பிக்கக் கருவிழியைப் படமெடுக்கும் ‘வேர்ல்ட்காயின்’ திட்டம் 2023 ஜூலையில் அறிமுகமாயிற்று. அதை ஐயுறுவோரைப் புதுமையின் பகைவர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நமக்கு இது பழகிப்போன குற்றச்சாட்டுதான். உதுமானியர் அச்சுக்கலையைத் தாமதித்து ஏற்றதை இன்றும் சொல்லிக்காட்டுவோர் உண்டு. (1727இல் மார்க்கம் சாராத நூல்களை அச்சிட ஷைகுல் இஸ்லாமே ஃபத்வா வழங்கியதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.)

நைரோபியில் எழுந்த எதிர்ப்பை அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. அங்கே ஏறத்தாழ 7,000 ஷில்லிங் மதிப்புள்ள மின்நாணயத்துக்காக மக்கள் நீண்ட வரிசைகளில் நின்றார்கள். தேவையால் நெருக்கப்பட்டவன் செய்யும் விற்பனையை ஃபிக்ஹு நூல்கள் ‘பைஉல் முள்தர்’ என்று தனியே எடுத்து ஆராய்கின்றன. அந்த வரிசைகளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. படம் அழிக்கப்படுகிறது, அதிலிருந்து பெற்ற குறியீடு மட்டுமே எஞ்சுகிறது என்பது நிறுவனத்தின் விளக்கம். ஒப்புதல் எப்படிப் பெறப்பட்டது என்ற வினாவுக்கு அது விடையாகாது.

2023 ஆகஸ்டில் கென்ய அரசு பதிவை நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் அந்நாட்டு உயர்நீதிமன்றம், ஆசைகாட்டிப் பெற்ற ஒப்புதல் செல்லாது என்று கூறி, திரட்டிய தரவுகளை ஏழு நாள்களில் அழிக்க ஆணையிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் பிரேசிலின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்ததோ, கருவிழிக்குக் கூலி கொடுப்பதை மட்டுமே.