வருங்காலத் திரையும் மலையகத்தின் குரலும்

ஒரு தொழிலின் நாளைய நிலையைக் கணித்துரைப்போர் பெரும்பாலும் அத்தொழிலின் கருவிகளையே நோக்குவர். திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் இன்று கூறப்படும் வருங்காலப் பலன்கள் பெரும்பாலும் இவ்வகையினவே. படமாளிகைகள் அருகும், கைத்தொலைபேசியே திரையாகும், செயற்கை நுண்ணறிவு நடிகரின்றியும் படம் ஆக்கும், ஒரு மொழியிற் பேசியதை நொடிப்பொழுதிற் பல மொழிகளிற் பேசுவிக்கும் என்பன அக்கணிப்புக்கள். இவற்றுட் பல மெய்யாகலாம். ஆயினும் நுவரெலியா, அட்டன் முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு, எக்கருவி வெல்லும் என்பது இரண்டாவது வினாவே. அக்கருவியில் யாருடைய வாழ்வு எவருடைய வாய்மொழியில் வரும் என்பதே முதல் வினா. அவ்வினாவுக்கு விடைகாண, சென்ற 90 ஆண்டு வரலாற்றைச் சுருக்கமாக நோக்கிய பின்னரே வருவதனைக் கூறுதல் முறையாகும்.

இலங்கையைப் பற்றிய விவரணப் படங்களுள் உலகறிந்தது, 1934 இல் பசில் றைற் என்பார் ஆக்கிய 'சோங் ஒவ் சிலோன்' ஆகும். அதனை ஆக்குவித்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. அதன் மூன்றாம் பகுதியிலே தோட்டமும் துறைமுகமும் காட்சியாகத் தோன்றும்போது நம் செவியில் விழுவன சந்தை விலைகளும் வணிகச் செய்திகளுமே. விவரணத்துக்கு லயனல் வென்ட் குரல் கொடுத்தார்; அதற்குரிய சொற்கள் 17 ஆம் நூற்றாண்டிற் கண்டி அரசிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் எழுதிய நூலினின்று எடுக்கப்பட்டன. கலையழகு மிக்க படம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தேயிலையைப் பறித்தவர் கையைக் காண்கின்றோம்; அவர் சொல்லைக் கேட்டிலோம். 1954 இல் அமெரிக்கர் வெளியிட்ட 'எலிபன்ட் வோக்', எலிசபெத் ரெயிலர் நடிக்க, தோட்டத்துரை மாளிகையின் கதையைக் கூறிற்று. 1957 இல் வெளிவந்த டேவிட் லீனின் 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் க்வாய்' அட்டனுக்குச் செல்லும் வழியிலுள்ள கித்துல்கலையிற் படமாக்கப்பட்டு, அவ்விடத்தைத் தாய்லாந்து எனக் காட்டிற்று. இங்ஙனம் மலைநாடு உலகத் திரைக்கு மிக முன்னரே சென்றுவிட்டது. களமாகச் சென்றதேயன்றிக் கதையாகச் செல்லவில்லை.

நம் நாட்டுத் தமிழ்த் திரைப்படத்தின் வரலாறு இதனினும் வேறு பாடமொன்றைப் புகட்டுகின்றது. 1962 இல் 'சமுதாயம்' வெளிவந்தது. அதனை அடுத்து 1963 இல் வந்த 'தோட்டக்காரி' தன் பெயராலேயே தோட்டத்தை நினைவூட்டுவது. எனவே நம் திரைக்கலை பிறந்த ஓராண்டுக்குள்ளேயே தேயிலைமலை அதன் கண்ணிற் பட்டுவிட்டது எனலாம். எனினும் அது தொடரவில்லை. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தோன்றி, பிறநாட்டுப் படங்களின் இறக்குமதியைத் தன் கைக்கொண்டு கட்டுப்படுத்திய பின்னரே உள்நாட்டுத் தமிழ்ப் படங்கள் சிறிது தலைநிமிர்ந்தன. 1972 இல் 'குத்துவிளக்கு', 1977 இல் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி', 1978 இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான 'வாடைக்காற்று' என்பன அக்காலத்தன. மலையகத் தொழிற்சங்கவாதியாகிய வி. பி. கணேசன் 1975 இல் 'புதிய காற்று', 1978 இல் 'நான் உங்கள் தோழன்', 1981 இல் 'நாடு போற்ற வாழ்க' என்னும் படங்களைத் தந்தார். 'புதிய காற்'றின் எழுத்துப் பணியில் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் பங்குகொண்டார்.

இப்படங்களின் கலைத்தரம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. தென்னிந்தியப் படங்களின் சண்டைக்காட்சியையும் பாட்டமைப்பையும் அவற்றிற் பல விட்டபாடில்லை. ஆயினும் ஈண்டு நாம் கருதவேண்டியது, அவை எங்ஙனம் தோன்ற முடிந்தது என்பதே. புதிய கருவியொன்றும் அப்பொழுது வந்துவிடவில்லை. பிறநாட்டுப் படத்தின் வெள்ளம் சிறிது தடைப்பட்டது. தொழிற்சங்கம் என்னும் அமைப்பினாற் பழகிய மக்கட்கூட்டம் ஒன்று இருந்தது. எழுதவல்லார் சிலர் இருந்தனர். இம்மூன்றும் சேர்ந்தபோது படம் வந்தது. பின்னர்த் திறந்த பொருளாதாரம் வந்தது. 1983 யூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் முதலியன தீக்கிரையாயின, முதலிடுவோர் ஒதுங்கினர். அம்மூன்றும் சிதறியபோது படமும் நின்றது.

தொலைக்காட்சியின் கதையும் இதுவே. 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், யப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் ரூபவாஹினியும் தொடங்கின. நாட்டின் மிகவுயர்ந்த சிகரமும் 2524 மீற்றர் உயரமுடையதுமான பீதுறுதலாகலையின் உச்சியிலே ரூபவாஹினியின் அஞ்சற் கோபுரம் எழுந்தது. நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து பார்ப்போர்க்கு அக்கோபுரம் தலைக்கு மேலே நின்றது. தலைக்கு மேலே நின்ற கோபுரத்தினின்று வந்த நிகழ்ச்சிகளுள் லயத்துக்குள்ளிருந்து எழுந்தவை எத்துணை என எண்ணிப் பார்த்தால், அண்மையும் உரிமையும் ஒன்றல்ல என்பது விளங்கும். 1998 இற் சக்தி தொலைக்காட்சியும், 2009 இல் வசந்தம் தொலைக்காட்சியும் தமிழுக்கெனத் தோன்றியமை நற்பேறே. அவற்றால் மலையகச் செய்தியும் விழாவும் திரைக்கு வந்தன. எனினும் மாலை வேளைகளில் வீடுகளை ஆண்டது, 1993 இற் சென்னையில் தொடங்கிய சன் தொலைக்காட்சியையொத்த நிலையங்களின் தொடர்கதைகளே.

இனி, நம்மிடையே வழங்கும் இரு கணிப்புக்களை ஆராய்வாம். முதலாவது நம்பிக்கையாளர் கூற்று: 'கையடக்கக் கருவியொன்றிருந்தால் எவரும் படம் எடுக்கலாம், ஆதலின் மலையகத்தின் குரல் தானாகவே ஒலிக்கும்' என்பது. மேற்கூறிய வரலாறு இதனை மறுக்கின்றது. எடுத்தல் எளிதாயிற்று என்பது மெய்; ஆனால் எடுத்ததனைக் காண்போர்முன் வைக்கும் வாயில் எளிதாகவில்லை. முன்னர் அவ்வாயிலைப் படவிநியோகத்தர் காத்தனர். இன்று யூரியூப் போன்ற பெருநிறுவனங்களின் கணிப்பொறி விதி காக்கின்றது. பலர் விரும்புவதையே மேலும் பலர்க்குக் காட்டும் அவ்விதியின்கீழ், சிறுபான்மையோரின் ஆக்கம் கிடைக்கும், கண்ணிற் படாது. அன்றியும், 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிப் பாடத்துக்காக நம் மாணவர் மேடுகளில் ஏறி அலை தேடியதை ஆசிரியர் யாவரும் அறிவர். 2025 யூலையில் ஸ்ரார்லிங் செய்மதிச் சேவை இலங்கையிற் தொடங்கியதனால் எப்பள்ளத்தாக்கும் எட்டத்தக்கதாயிற்று என்பர். அலை எட்டும், அதன் கட்டணம் லயக் குடும்பமொன்றுக்கு எளிதில் எட்டாது.

இரண்டாவது, நம்பிக்கையிழந்தார் கூற்று: 'தமிழகத் திரை பெரிது, நம் கூட்டம் சிறிது, அது நம்மை விழுங்குவது உறுதி' என்பது. இதுவும் வரலாற்றுக்கு ஒவ்வாது. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகத்தார் ஆவலுடன் கேட்ட காலம் ஒன்றுண்டு. மயில்வாகனன், அப்துல் ஹமீட் ஆகியோரின் தமிழ் கடல்கடந்து போற்றப்பட்டது. சிறிய நாட்டின் நிலையம் பெரிய நாட்டின் செவியைக் கவர்ந்தமைக்குக் காரணம், அது தனக்கென ஒரு தரத்தையும் பயிற்சியையும் பேணியமையே. 2025 மே மாதத்தில் தமிழகத்தில் வெளிவந்த 'ரூரிஸ்ற் பமிலி', பொருளாதார நெருக்கடியினாற் கடல்கடந்து சென்ற ஈழத்துக் குடும்பமொன்றின் கதையைக் கூறிப் பெருவெற்றி பெற்றது. ஈழத்துப் பேச்சு தமிழகத்தார்க்கு விளங்காது என்ற பழைய அச்சம் பொருளற்றதென்பதை அவ்வெற்றி காட்டிற்று.

ஆயினும் பிறர் நம்மைக் காட்டுவதில் எல்லையொன்று உண்டு. 2013 இற் பாலா இயக்கிய 'பரதேசி', பி. எச். டானியல் 1969 இல் எழுதிய 'றெட் ரீ' நாவலைத் தழுவி, கங்காணியின் வாக்கை நம்பிக் கிராமம் விட்டுத் தேயிலைமலை ஏறிய தமிழரின் துயரை உரைத்தது. நம் பாட்டனார் கதையும் அதுவே. களமோ இந்தியத் தோட்டம். 2023 இல் பூசான் விழாவிற் பரிசுபெற்ற பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்', 2022 நெருக்கடிக் காலத்து மலைநாட்டையே களமாகக் கொண்டது. கேரளத்திலிருந்து வந்த தம்பதியரின் பொருள்கள் களவுபோகத் தமிழ்த் தொழிலாளர் ஐயத்துக்குள்ளாகின்றனர். நேர்மையும் துணிவும் மிக்க ஆக்கம் அது. ஆனால் அங்கும் நாம் கதையைக் காண்பது வந்தவர் கண்வழியே. தொழிலாளி துன்புறுகின்றான், தன் கதையைத் தான் கூறினானல்லன். 1934 இற் கைமட்டும் தெரிந்தது. 2023 இல் முகம் தெரிந்தது. இனி வரவேண்டியது குரல்.

இவற்றை அடிப்படையாகக் கொண்டு, அடுத்த பத்தாண்டு பற்றி மூன்று கூறலாம். முதலாவது, படமாளிகைகள் முற்றாக அழியா. பெருநடிகர் படத்துக்கான விழாக்கூடமாகச் சுருங்கும். சிறுபடம் அங்கே இடம்பெறுவது அரிது. ஆதலின் கோவில் மண்டபமும், பாடசாலை மண்டபமும், தோட்டத்துச் சனசமூக நிலையமுமே சிறுபடத்தின் மாளிகைகளாகும். இரண்டாவது, தொலைக்காட்சி நிலையங்கள் செய்திக்கும் நேரடி ஒளிபரப்புக்கும் ஒதுங்கும். கதையும் பாட்டும் கைத்தொலைபேசிக்குப் பெயரும். இலங்கை யப்பானிய இலக்கமுறை ஒளிபரப்பைத் தேர்ந்தது 2014 இல்; நிறைவேற்றமோ பல்லாண்டு தாமதமுற்றது. அத்தாமதத்துள் மக்கள் வேறு வழிகண்டு சென்றுவிட்டனர்.

மூன்றாவதே மிகக் கவலைக்குரியது. 2023 இல் அமெரிக்கத் திரையெழுத்தாளர் 148 நாளும் நடிகர் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தமைக்குரிய காரணங்களுள் செயற்கை நுண்ணறிவும் ஒன்று. அங்கே அஞ்சியது தொழில் போய்விடும் என்பதற்காக; இங்கே அஞ்சவேண்டியது மொழி போய்விடும் என்பதற்காக. இயந்திரம் தமிழ் பேசக் கற்பது, மிகுதியாகக் கிடைக்கும் தமிழிலிருந்தே. அது சென்னைத் திரைத் தமிழாகவே இருக்கும். பிரட்டுக்களம், காம்பரா, பீலிக்கரை, கவ்வாத்து என்னும் சொற்களை அது எங்கே கேட்டிருக்கும்? தோட்டத்திலே 'இன்று அரைப்பேர்தான் விழுந்தது' என ஒரு தாய் கூறின், அரைநாட் கூலியே கிடைத்தது என்பது பொருள். இயந்திரமோ அதனைப் பெயரின் பாதி என மொழிபெயர்த்துவிடும். அச்சொல்லோடு, நிறுவையிற் குறைந்த கொழுந்தும், அன்றிரவு குறைந்த சோறும் மறைந்துபோம். இங்ஙனம் ஒரு மக்களின் துயரம் பிழையான மொழிபெயர்ப்பிற் கரைவது, அத்துயரம் கூறப்படாமையினும் கொடிது. கூறியாயிற்று என்ற பொய்யுணர்வை அது தருமாகலின்.

'இத்துணைச் சிறிய கூட்டத்துக்குப் படம் எடுத்தால் முதல் மீளுமா?' என வினவுவோர்க்கு ஒரு கணக்கு. 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். பத்திலொருவர் 500 ரூபா கொடுத்துப் பார்ப்பின், கிடைப்பது ஏறத்தாழ 4 கோடியே 20 இலட்சம் ரூபா. ஆனால் அந்த 500 ரூபா, 2021 இல் விதிக்கப்பட்ட 1000 ரூபா நாட்கூலியிற் பாதி. பத்திலொருவர் பார்ப்பர் என எதிர்பார்த்தல் நியாயமன்று. நூற்றிலொருவர் எனின் 42 இலட்சம். ஆகவே தனி முதலாளியின் இலாபநோக்கம் இவ்வழி வாராது. சங்கம், கோவில், கல்லூரி, பழைய மாணவர் மன்றம் என்னும் அமைப்புக்கள் கூட்டாக முயலின் ஒரு சிறுபடம் கைகூடும். 1975 இன் பாடம் 2025 இற்கும் பொருந்துகின்றது.

இத்தகைய முயற்சி நமக்குப் புதிதன்று. கோதண்டராம நடேசய்யரும் மீனாட்சியம்மையாரும் பாட்டையும் சிறு பிரசுரத்தையும் தோட்டந்தோறும் கொண்டு சென்றனர். சி. வி. வேலுப்பிள்ளை மாமன்களிடமும் ஆச்சிகளிடமும் கேட்ட நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர்கள் கையிற் கருவி சிறிது; கேட்குஞ் செவி பெரிது. இன்று காமன் கூத்தின் தப்பொலியையும், பொன்னர் சங்கர் கதையை மனப்பாடமாகக் கூறும் முதியவர் குரலையும், கொழுந்தெடுப்போர் பேச்சையும் முறையாகப் பதிந்து, பொருள் எழுதி வைப்பது நம் மாணவரால் இயலும். தமிழ்ப் பாடத்துச் செயன்முறையாகவே அதனைச் செய்விக்கலாம். அப்பதிவே நாளைய கதாசிரியனுக்கு நிகண்டு. நாளைய இயந்திரத்துக்குப் பாடநூல். பதிந்தவற்றின் உரிமை பாடியவர்க்கும் சொன்னவர்க்கும் உரியதென முதலிலேயே எழுதிக்கொள்ளலும் வேண்டும்.

கணிப்பின் உண்மையை அளக்கும் கோல் ஒன்று கூறி முடிப்பாம். பத்தாண்டின் பின்னர், தோட்டத்திற் பிறந்த ஒருவர் எழுதி, தோட்டத்துப் பேச்சிலே நடித்து, தோட்டத்து மக்கள் முதலிற் கண்டு, பிறர் பின்னர்க் கண்ட படங்கள் ஐந்தேனும் இருக்குமாயின், இங்கே கூறிய கவலை மிகையெனக் கொள்க. அவை இல்லையாயின், எத்துணைப் புதிய திரை வந்திருப்பினும், மலையகத்தைப் பொறுத்தவரை 1934 ஆம் ஆண்டு இன்னும் முடியவில்லை என்பதே பொருளாகும்.