சீட்டும் கதையும்

ஓர் ஆட்டத்தைப் புஸ்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், கரையில் உட்கார்ந்து நீச்சல் பழகுவது போலத்தான் என்று சிரிப்பார்கள். ஆனால் போக்கர் என்கிற சீட்டாட்டத்தைக் கற்பிப்பதற்கு அமெரிக்கர்கள் அலமாரி கொள்ளாமல் புஸ்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். ஆட்டம் தெரியாதவன் அவற்றைக் கையில் எடுத்தால் இரண்டு வகை தென்படும். கதை சொல்லிக் கற்பிக்கிறவை ஒரு வகை; கணக்குச் சொல்லிக் கற்பிக்கிறவை இன்னொரு வகை. கதை எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில் நான் முதல் வகைக்குத்தான் வக்காலத்து வாங்க வேண்டும். ஆனால் இரண்டையும் படித்துப் பார்த்த பிறகு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதல் வகையில் சிறந்தது ஹெர்பர்ட் யார்ட்லி 1957-ல் வெளியிட்ட 'ஒரு போக்கர் ஆட்டக்காரனின் கல்வி'. யார்ட்லி ரகசியச் சங்கேதங்களை உடைத்துப் படிப்பதில் பேர்போனவர். அமெரிக்க அரசாங்கத்துக்கும், பிற்பாடு சீனாவில் சியாங் கை ஷேக்கின் அரசாங்கத்துக்கும் அந்த வேலையைச் செய்தவர். இண்டியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், மதுக்கடை நடத்திய மாண்ட்டி என்பவரிடம் பிள்ளைப் பிராயத்தில் பாடம் கேட்டதைச் சொல்கிறார். கடைசி நிலத்தைப் பணயம் வைத்து ஆடும் விவசாயி ஒருவர், ஆட்டத்தின் நடுவிலேயே இறந்து போகிறார். புஸ்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை.

பாடம் என்னவோ சப்பென்றுதான் இருக்கிறது. நல்ல சீட்டு வரும்வரை காத்திரு; வராவிட்டால் கவிழ்த்துவிட்டுச் சும்மா இரு. இதைத் தனியாகச் சொன்னால் யார் காது கொடுப்பார்கள்? மாண்ட்டியின் வாயால் கேட்டால் மறப்பதில்லை. கதைக்கு உள்ள பெருமை அது.

இரண்டாவது வகைக்கு டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் 'போக்கர் சித்தாந்தம்' (1987). இதில் மாண்ட்டியும் இல்லை, மதுக்கடையும் இல்லை. எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் நீ எப்படி ஆடியிருப்பாயோ, அதற்கு மாறாக ஆடும்போதெல்லாம் லாபம் அவனுக்கு என்பது இவருடைய மூலசூத்திரம். அதைப் பிடித்துக்கொண்டு புஸ்தகம் முழுக்க வாதம் செய்கிறார்.

ரம்மி மட்டும் தெரிந்த வாசகருக்காக இந்தக் கணக்கு நடக்கும் விதத்தை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். இன்று அதிகமாக ஆடப்படும் டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு, படிப்படியாகத் திறக்கப்படும். நான்கு திறந்தாகிவிட்டது. உங்களுக்கு ஒரே ஜாதியில் நான்கு சீட்டு சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஜெயம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் காணாத சீட்டு 46; வேண்டியவை 9. உத்தேசமாக ஐந்து தடவைக்கு ஒரு தடவை வரும். எதிராளி 20 டாலர் கட்டுகிறான். அதையும் சேர்த்து நடுவில் 120 இருந்தால், 20 போட்டுத் தொடர்வது சரி. 60 தான் இருந்தால் கவிழ்த்துவிடுவதே சரி. கடைசிச் சீட்டு வந்ததா, வரவில்லையா என்பதற்கும் இந்தச் சரி தவறுக்கும் சம்பந்தமே இல்லை.

இதை ஜீரணித்துக்கொள்வதுதான் ஆரம்பக்காரனின் படிப்பில் பெரும்பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. சுலபமல்ல. ஒரு சாயங்காலத்தில் இந்தக் கணக்கு பலிக்காது. ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பிறகுதான் அது தன் நியாயத்தைக் காட்டும். அதற்குள் கணக்கே தெரியாதவன் பணத்தை வாரிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

கதை இங்கேதான் காலை வாருகிறது. டாயில் பிரன்சன் என்ற ஆட்டக்காரர் 1976, 1977 இரண்டு வருஷமும் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் பட்டம் பெற்றார். இரண்டு தடவையும் கடைசி ஆட்டத்தில் அவர் கையில் இருந்தவை ஒரு பத்தும் ஒரு இரண்டும். இரண்டு தடவையும் கடைசியாகத் திறந்த சீட்டு இன்னொரு பத்து! சாதாரணமாக யோசிக்காமல் கவிழ்த்துவிட வேண்டிய சீட்டுகள் அவை. ஆனாலும் அந்த ஜோடிக்கு இன்றுவரை அவர் பெயர்தான். 'சூப்பர் சிஸ்டம்' என்று கனமான பாடப் புஸ்தகம் ஒன்றும் பிரன்சன் எழுதினார். அதைப் புரட்டிப் பார்க்காதவனுக்கும் பத்தும் இரண்டும் கதை தெரியும்.

கதையின் சுபாவம் அப்படி. முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து அர்த்தம் கற்பிப்பதே எங்கள் தொழில். ஜெயித்தவன் தைரியசாலி, தோற்றவன் அவசரக்காரன். யார்ட்லியும் இதற்கு விலக்கல்ல. அவருடைய புஸ்தகத்தில் பொறுமை பலனில்லாமல் போவது அபூர்வம். ஸ்க்லான்ஸ்கியிடம் சுவை இல்லை. ஆனால் இந்தப் பொய்யும் இல்லை. பொறுமையைக் கதை கற்பிக்கும். தீர்மானிக்கும் புத்தியைக் கணக்குதான் கற்பிக்க வேண்டும். ஆகவே ஆரம்பக்காரன் முதலில் யார்ட்லியைப் படிக்கட்டும், ஆசை பிறப்பதற்காக. பிறகு பென்சிலும் காகிதமுமாக ஸ்க்லான்ஸ்கியிடம் உட்காரட்டும். பணம் வைத்து ஆடுகிற உத்தேசமே இல்லாதவர்களுக்கும் இந்தப் படிப்பு வீண் போகாது.

முக்கியமாக, நாவல் எழுதுகிறவர்களுக்கு. கடைசி அத்தியாயத்தில் ஜெயித்தால்தான் ஒருவன் செய்தது சரி என்று நாம் நம் வாசகர்களைப் பழக்கி வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்திருந்தது என்ன, அதை வைத்துக்கொண்டு அவன் செய்தது சரியா என்று மட்டும் கேட்டுவிட்டு, முடிவை அதன் போக்கில் விட்டுவிடுகிற நாவல்கள் தமிழில் எத்தனை தேறும்? விரல் விட்டு எண்ணிவிடலாம்.