குதிரைக்கு எந்தப் பக்கம் வாசல்?

போன மாதம் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் அனுப்பினான். எல்லாம் அமெரிக்கக் குதிரைக் கொட்டகைகள். சிவப்புப் பலகைச் சுவர், மேலே வைக்கோல் பரண், நடுவில் கார் போகிற அகலத்துக்குப் பாதை. இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் அவனுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் ஒரு கத்தியவார் பெண் குதிரையும் ஒரு நாட்டு மட்டமும் நிற்கின்றன. படங்களுக்குக் கீழே ஒரே வரி: "அண்ணே, இதுல எந்த ஸ்டைல் நம்ம எடத்துக்கு எடுக்கும்?"

கேள்வியே தப்பு என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதைச் சொல்ல எனக்குப் பெரிய தகுதி கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுடைய முதல் கொட்டகைக்கு லேப்டாப்பில் பிளான் போட்டுக் கொடுத்தவன் நான்தான். சாரல் உள்ளே வரக்கூடாது, அது ஒன்றுதான் என் கவலை. மேற்கு, தெற்கு, வடக்கு மூன்று பக்கமும் தகரம் அடித்து மூடினோம். கிழக்கே ஒரு கதவு. தரை காய்ந்து கிடந்தது. எனக்கு ஒரே பெருமை. இரண்டாவது மாதம் மட்டம் இரும ஆரம்பித்தது. வந்த கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்ப்பதற்கு முன் கூளத்தின் மேல் குனிந்து மோந்து பார்த்தார். "நீங்க நிக்கிற உயரத்துல மோந்தா ஒண்ணும் தெரியாது சார். அது படுத்தா மூக்கு எங்க இருக்குமோ, அங்க மோந்து பாருங்க" என்றார். குனிந்தேன். கண் எரிந்தது.

குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான் விடும். மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும், ஈர வைக்கோலில் பிடிக்கும் பூஞ்சையின் தூளும் நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருமுறை அந்த இருமல் பிடித்தால் முழுதாக விடுவது கஷ்டம். எங்கள் மட்டம் இன்றைக்கும் காலையில் வைக்கோலை உதறினால் இருமுகிறது. ஆகவே கீழே எழுதியிருப்பதை நிபுணரின் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தப்புச் செய்தவன் பிறகு உட்கார்ந்து படித்த குறிப்புகள் இவை.

ஆறு படங்களும் அவற்றின் ஊரும்

வளைந்து இறங்கும் பெரிய கூரையும் பரணும் உள்ள கொட்டகை பனி விழும் ஊருக்கானது. குளிர்காலம் முழுவதுக்கும் தீனியை மேலே அடுக்கிக் கீழே விலங்குகளை வைப்பார்கள். நம் ஊரில் அந்தப் பரண் மூன்று மாதச் சாரலில் பூஞ்சைக் கிடங்காகிவிடும். தூள் குதிரையின் தலையிலேயே கொட்டும். தீ பிடித்தால் கதையே வேறு.

இரண்டு பக்கமும் அறை, நடுவில் பாதை என்கிற அமைப்பு வேலைக்கு வசதி. ஆனால் எல்லா அறைக்கும் காற்று அந்தப் பாதை வழியாகத்தான் வர வேண்டும். இரு முனைக் கதவையும் சாரலுக்காகச் சாத்தினால், நான் கட்டிய தகரப் பெட்டியேதான், கொஞ்சம் நீளமாக.

நடுக்கூரையை உயர்த்தி இருபுறமும் திறப்பு விட்ட அமைப்பு ஆறில் உருப்படியானது. சூடான காற்று மேலேறி வெளியேறும். மேற்குத் திறப்புக்கு மட்டும் சாய்வுப் பலகை வேண்டும். அதைவிட எளியது பந்தயக் குதிரைக்காரர்கள் கட்டும் ஒற்றை வரிசைக் கொட்டகை. வரிசையாக அறைகள், முன்னால் தாழ்வாரம், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் குதிரை லாயத்துக்கு இன்னொரு பெயர் பந்தி. கல்யாண வீட்டில் நாம் உட்காருகிற அதே பந்திதான், வரிசை என்று பொருள். குமரி மாவட்டத்தில் குதிரைப்பந்திவிளை என்று ஓர் ஊர்ப் பெயரே உண்டு. சித்தப்பா மகன் கேட்ட 'ஸ்டைல்' நம் சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது.

சாணக்கியர் சொன்னது சரியா?

இந்த மாதிரி விஷயத்தில் "நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு ஃபார்வர்ட் வரும். சரி, என்ன சொன்னார்கள் என்று பார்ப்போம். 1909இல் ஷாமசாஸ்திரி மைசூரிலிருந்து அச்சிட்ட அர்த்தசாஸ்திரத்தில், இரண்டாம் பகுதி முப்பதாம் அத்தியாயம் முழுக்கக் குதிரைக் கண்காணிப்பாளருக்கானது. ஒவ்வொரு குதிரைக்கும் தனி இடம், வழவழப்பான பலகைத் தரை, தீனிக்குத் தனி இடம், மூத்திரமும் சாணமும் வெளியேற வழி, வாசல் வடக்கு அல்லது கிழக்கு நோக்கி. பெண் குதிரை, ஆண் குதிரை, குட்டி எல்லாம் தனித்தனியே. குரங்கும் மயிலும் கீரியும் கிளியும் கூட அங்கே இருக்க வேண்டுமாம்.

கட்டடத்தின் அழகைப் பற்றிப் பேசுவதற்கு முன் கழிவு எந்த வழியாகப் போகும் என்று கேட்கிறது அந்த நூல். அது எனக்குப் பிடித்தது. இன்றைய படங்களில் ஒன்றில்கூட வடிகால் தெரியவில்லை.

ஆனால் அப்படியே காப்பி அடிக்க முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று தென்காசிக்குள் பாய்கிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த நான்கு மாதத்துக்குக் கிழக்கு வாசல் அருமை. அக்டோபர் வந்ததும் வடகிழக்குப் பருவமழை அதே வாசலில் அடிக்கும். பலகைத் தரையும் நம் ஈரத்தில் மூத்திரத்தைக் குடித்துவிட்டு உளுத்துப்போகும். நூல் தரும் கேள்விகள் சரி. பதில்களை நம் ஊர்க் காற்றைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

கப்பலில் வந்த குதிரைகள்

தென்காசியிலிருந்து ஒரு நாள் பயணமாகத் திருப்புடைமருதூர் போய்வரலாம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களில் குதிரைகள் ஏற்றிய கப்பல் ஒன்று இருக்கிறது. பாண்டிய நாட்டுக்கு அரபுக் கரையிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் குதிரை வந்த வரலாற்றை அது நினைவுபடுத்தும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோவும், சற்றுப் பின் எழுதிய பாரசீகரான வாசாஃபும் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: இங்கே வாங்குகிற குதிரைகள் சீக்கிரம் செத்துப்போகின்றன, திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். வாசாஃப் ஆண்டுக்குப் பத்தாயிரம் என்கிறார். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. வந்த குதிரைகளைக் கொழுக்க வைக்க நாற்பது நாள் முளையடித்துக் கட்டிப்போடுகிறார்கள் என்றும் எழுதுகிறார்.

இதை வைத்து "தமிழனுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது" என்று முடிப்பவர்கள் உண்டு. தீனியிலும் பழக்குவதிலும் தப்பு நடந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் வெப்ப நாடுகளுக்கு வந்த தரோப்ரெட் குதிரைகளிடமும் ஒரு நோய் பதிவானது: புழுக்கத்தில் வேர்ப்பதே நின்றுபோகும். வேர்க்காத குதிரையால் உடல் சூட்டைத் தணிக்க முடியாது. புத்தக அறிவும் மருத்துவரும் கூட இருந்தும் அவர்களுக்கும் இந்தக் காற்று சிக்கல்தான். பாண்டியர் குதிரைகளும் இதனால்தான் செத்தன என்று நான் சொல்லவில்லை. பழியைத் தீனித்தொட்டியில் மட்டும் போடாமல் பந்தியின் காற்றையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்கிறேன். நரி பரியான கதையில்கூட, ராத்திரி பந்திக்குள் நரிகள் மற்றக் குதிரைகளைக் கடித்தது நமக்குத் தெரியும். அந்தப் பந்தி எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கடைசியில் கட்டியது

தாத்தாவின் மாட்டுத்தொழுவைக் கொஞ்சம் உயரமாக நீட்டியதுதான் புதுக் கொட்டகை. ஒற்றை வரிசை, மேலே நாட்டு ஓடு, கூரை முகட்டில் நீளமாக ஓர் இடைவெளி, அதற்கு மேல் சின்ன மூடி. அறைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. மேற்குச் சுவர் நெஞ்சளவு வரை செங்கல், அதற்கு மேல் சாரலைத் தடுத்துக் காற்றை விடும் சாய்வுப் பலகை. கிழக்கே திறப்பு, வடகிழக்கு மழைக்காக முன்னால் எட்டடித் தாழ்வாரம். தரை சாய்வு, வெளியே ஓடை. வைக்கோலுக்குத் தள்ளித் தனிக் கொட்டகை. சாயங்காலம் கொசுவுக்கும் உண்ணி ஈக்கும் வலை.

போன வாரம் சாரலில் போய்ப் பார்த்தோம். தம்பி மூன்று ஊதுபத்தியைக் கொளுத்தித் தரையோரம் வைத்தான். புகை கூளத்தின் மேல் கொஞ்சம் தவழ்ந்து, பிறகு மெதுவாக எழும்பி முகட்டு வழியாகப் போனது. நான் குனிந்து மோந்து பார்த்தேன். சாண வாடை இருந்தது, கண் எரியவில்லை.

"பாக்கதுக்கு மாட்டுத்தொழு மாரில்லாண்ணே இருக்கு" என்றான் தம்பி, கொஞ்சம் வருத்தத்தோடு. மட்டம் ஒரு தடவை இருமிவிட்டு, மேற்குப் பலகை இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.