கூடைக்கு ஒரு சான்றிதழ்

வில்லோ என்றதும் எங்களில் அனேகருக்குக் கிரிக்கெற் மட்டைதான் நினைவுக்கு வரும். அந்த மரத்தின் உறவினங்களிலிருந்து வெட்டி எடுக்கும் மெல்லிய கொப்புகளால் குளிர்நாடுகளில் காலங்காலமாகக் கூடை பின்னுகிறார்கள் என்பது, ரொறன்ரோவுக்கு வந்து ஒரு றெஸ்ரோறன்ரில் பாண்கூடைகளைத் துடைத்து அடுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இங்கிலாந்தின் சோமசெற் சதுப்புநிலங்களில் இன்றும் வில்லோவைப் பயிராகவே வளர்க்கிறார்கள். பிரான்சின் வில்லேன்-லே-ரோஷே கிராமத்தில் 1849இல் ஒரு பாதிரியார் கூடைக்காரர்களை ஒன்றுசேர்த்து அமைத்த கூட்டுறவுச் சங்கம் இன்னமும் இயங்குகிறது. இந்தக் கூடைகள் எதிலும் பின்னியவரின் பெயர் இருப்பதில்லை. பாணைப் போட்டு மேசைக்கு அனுப்புகிறோம். கொப்பு முறிந்தால் குப்பையில் எறிகிறோம்.

நான் எழுத வந்தது இதற்கு நேர்மாறான ஒரு கதையை. பெயரும் கதையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றப்பட்ட கூடைகளைப் பற்றியது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த மார்வின் கோஹோடாஸ் எழுதிய ஒரு கட்டுரை, ஜனெற் பேர்லோ தொகுத்து 1992இல் வெளியான, அமெரிக்கப் பூர்வகுடிக் கலை வரலாற்றின் ஆரம்பகாலம் பற்றிய நூலில் இருக்கிறது. லூயிசா கெய்சர் என்ற வாஷோ இனப் பெண்ணையும், அவரது கூடைகளை விற்ற கோன் தம்பதியையும் பற்றியது அக்கட்டுரை. நூலகத்தில் வேறெதையோ தேடப்போய் இது கையில் அகப்பட்டது. இரண்டு ஓய்வுநாட்களில் வாசித்து முடித்தேன். அதற்குப் பிறகு அது என்னை விடவில்லை.

வாஷோ மக்கள் நெவாடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே ராஹோ ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள். 1859இல் அப்பகுதியில் வெள்ளிச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் காடுகள் வெட்டப்பட்டன. அவர்களுக்கு உணவு தந்த பைன் மரங்களும் அதில் போயின. நிலத்தை இழந்தவர்கள் வந்தேறிகளின் பண்ணைகளில் கூலிகளாகவும் வீடுகளில் துணி துவைப்பவர்களாகவும் ஆனார்கள். லூயிசாவும் துணி துவைத்தவர்தான். கார்சன் சிற்றியில் உடுப்புக்கடை வைத்திருந்த ஏப் கோனும் மனைவி ஏமியும் 1895 அளவில் அவரது கைத்திறனைக் கண்டுகொண்டார்கள். பிறகு ஏற்பட்ட ஏற்பாடு எளிமையானது. இருக்க வீடு, உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றைக் கோன்கள் தருவார்கள். பின்னும் கூடைகள் அவர்களுக்கு. 1925 டிசம்பரில் லூயிசா இறக்கும்வரை ஏறத்தாழ முப்பது வருடங்கள் இது நீடித்தது.

அவர் பின்னிய முறையைச் சற்று விபரமாகச் சொல்லவேண்டும். நாங்கள் ஓலையைக் குறுக்கும் நெடுக்குமாக இழைப்பதுபோன்றதல்ல அது. இலையுதிர்ந்த பின் வெட்டிய வில்லோக் கொப்பை, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கைகளால் இழுத்து மூன்றாகப் பிளப்பார்கள். உள்ளிருக்கும் சோற்றியையும் மேற்பட்டையையும் நீக்கி, ஒரே அகலமான நூலாகும்வரை சுரண்டுவார்கள். பிளக்காத மூன்று மெல்லிய குச்சிகளைச் சேர்த்து வைத்து, அடியிலிருந்து சுருளாகச் சுற்றிக்கொண்டே போய், ஊசியால் துளையிட்டு அந்த நூலால் சுற்றைச் சுற்றோடு தைப்பார்கள். ஆகவே இதைப் பின்னல் என்பதைவிடத் தையல் என்பதே பொருத்தம். சிவப்புக்கு றெட்பட் மரத்தின் பட்டை, கறுப்புக்குச் சேற்றில் ஊறவைத்த பன்னவேர். ‘பீக்கன் லைற்ஸ்’ என்று பெயரிடப்பட்ட அவரது கூடை 1904இல் தொடங்கி 1905இல்தான் முடிந்தது. பதினான்கு மாதங்கள். அடியில் ஒடுங்கி, நடுவில் விரிந்து, வாயில் மீண்டும் உள்வாங்கும் ‘டெகிகப்’ என்ற வடிவம் அது. படத்தில் பார்த்தாலே அந்தச் சிறிய அலங்காரங்கள் மேலே ஏறிப்போகும் ஒழுங்கு மூச்சை நிறுத்துகிறது. அதை நல்ல கூடை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

கோன்கள் கூடையை மட்டும் விற்கவில்லை. ஏமி ஒவ்வொரு கூடைக்கும் இலக்கமிட்டு, தொடங்கிய முடித்த திகதிகளையும் தையல்களின் எண்ணிக்கையையும் பேரேட்டில் பதிந்தார், சான்றிதழ் கொடுத்தார். முன்னோரின் கல்லறைகளில் நட்சத்திரங்கள் ஒளிர்வதாகவெல்லாம் தலைப்புகளைச் சூட்டி, ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அர்த்தம் சொன்னார். லூயிசா ஒரு தலைவனின் மகள், இளவரசி. டெகிகப் ஆதிகாலத்துச் சடங்குப் பாத்திரம். அதைப் பின்னும் உரிமை அவர் குடும்பத்துக்கே உரியது. ‘டட் சோ லா லீ’ என்ற பெயரிலேயே அவர் உலகத்துக்கு அறிமுகமானார். இளம் வில்லோ என்று பொருள்படும் டபூடா என்ற அவரது வாஷோப் பெயர் பின்னால் போயிற்று.

இவற்றை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதே கோஹோடாஸின் வேலை. டெகிகப் ஆதிகாலத்ததல்ல, ஏறத்தாழ 1890களின் நடுப்பகுதியில் லூயிசாவே கலிபோர்னியப் பூர்வகுடிகளின் கூடைகளிலிருந்து சிலவற்றை உள்வாங்கி உருவாக்கிய புதிய வடிவம் என்கிறார். அதாவது ‘மாறாத மரபு’ என்று விற்கப்பட்டது உண்மையில் ஒரு பெண்ணின் புதுமை. வாங்க வந்தவர்களுக்குப் புதுமை தேவைப்படவில்லை. அழிந்துகொண்டிருக்கும் இனத்தின் கடைசிக் கை என்பதுதான் தேவைப்பட்டது. அதனால் அவர் கண்டுபிடித்ததை அவர் காப்பாற்றியதாக மாற்றினார்கள். இந்த இடம் கட்டுரையின் மிகப் பலமான இடம். மரபு, பண்பாட்டுத் தூய்மை என்று புலம்பெயர் மேடைகளில் முழங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்தப் பக்கங்களைப் பிரதியெடுத்துக் கொடுக்கலாம்.

ஆனால் எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

ஒன்று, கோஹோடாஸ் கையிலிருக்கும் ஆதாரம் பெரும்பாலும் கோன்களின் காகிதங்களே. பொய் சொன்னவரின் பேரேட்டை வைத்துத்தான் அவரது பொய்யை நிரூபிக்கவேண்டியிருக்கிறது. இதில் அவர் கவனமாகவே நடந்துகொள்கிறார். எனினும் லூயிசாவின் குரல் எங்கேயும் இல்லை. ஏமி எழுதியதிலும் இல்லை, ஏமியை மறுத்து எழுதியதிலும் இல்லை. இரண்டாவது, இளவரசியை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அவர் ஏற்றிவைப்பது ‘தனித்துவமான புதுமைக் கலைஞர்’ என்ற உருவத்தை. இது ஏமியின் கதையைவிட உண்மைக்கு அண்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நூதனசாலைக்கு வசதியான கதையும் இதுதான். கொப்பு வெட்டப் போன இடத்தில் கூடவந்த பெண்கள், சேறு எடுத்த குளம், அது யாருடைய வேலிக்குள் போயிற்று என்பதெல்லாம் இந்த உருவத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. 1945இல் நெவாடா மாநிலம் அவரது இருபது கூடைகளை 1500 டொலருக்கு வாங்கியது. கூடை ஒன்று 75 டொலர். அந்தப் பணம் போனது கோன் குடும்பத்துக்கு.

கோன்களை வெறும் கள்வர்கள் என்று எழுதிவிடுவது சுகமான காரியம். நான் அப்படி எழுதமாட்டேன். அவர்கள் இல்லாவிட்டால் அவருக்குப் பதினான்கு மாதங்கள் ஒரே கூடையோடு இருக்க முடிந்திராது. வேறு யாரோ ஒருவரின் துணிகளோடு இருந்திருப்பார். இதைச் சொல்லக் கசக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் விமர்சனம் பொய்யாகிவிடும். மறுபுறம், எங்கள் ஊரில் கடகமும் பெட்டியும் இழைத்துத் தந்த பெண்களை அம்மம்மா காலத்தில் முற்றத்துக்கு இந்தப் பக்கம் வரவிட்டதில்லை. அவர்களை நாங்கள் இளவரசி ஆக்கவுமில்லை, பெயர் கேட்கவுமில்லை. ஏமியைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதையும் யோசிக்கவேண்டும்.

இந்தக் கட்டுரை ஏன் என்னை விடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அகதி விண்ணப்பத்தை எழுதித் தந்தவர் நல்ல மனிதர். நான் சொன்னதில் இருந்த தடுமாற்றங்களை அவர் நீக்கினார். எனக்கு நிச்சயமில்லாத ஒரு திகதி அதில் நிச்சயமானது. சொல்லக் கூசிய ஒன்று நீண்ட பந்தியாக வந்தது. வாசித்துக் காட்டியபோது அழுத்தமான, ஒழுங்கான ஒரு கதை கேட்டது. நான் கையெழுத்துப் போட்டேன். கதையில் பொய் என்று எதுவுமில்லை, ஆனாலும் அது என்னுடையதாகவும் இல்லை. அதற்குத்தான் எனக்கு இருக்க இடம் கிடைத்தது.

கோடை காலங்களில் ராஹோ ஏரிக்கரையில் கோன்கள் நடத்திய கடையில், உல்லாசப் பயணிகள் பார்க்க லூயிசா உட்கார்ந்து பின்னுவார். அவரது புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. கனத்த உடல், நீண்ட பாவாடை, முன்னால் கூடைகள். நான் பார்த்த எதிலும் சிரிப்பு இல்லை. விளக்கம் சொல்வது ஏமியின் பொறுப்பாக இருந்தது. கூடையின் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்று யாராவது நேரே அவரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் வேலைசெய்யும் இடத்து மெனு அட்டையில், கோழிக் குழம்புக்குக் கீழே, அது தென்னாட்டு அரண்மனையொன்றின் இரகசியச் செய்முறை என்று இரண்டு வரி இருக்கிறது. அந்தக் குழம்பை இப்போதைய பக்குவத்துக்குக் கொண்டுவந்தது எனக்கு முன்னால் அங்கே நின்ற ஒரு மட்டக்களப்புப் பெடியன். தேங்காய்ப்பால் விலை ஏறியபோது பாலைக் குறைத்து கசகசாவைக் கூட்டினான். சில சனிக்கிழமைகளில் வாடிக்கையாளர் யாராவது குசினிவரை எட்டிப்பார்த்து, உண்மையாகவே அரண்மனைச் சமையலா என்று கேட்பார்கள். கையில் கரண்டி இருக்கும், முதலாளி பின்னால் நிற்பார். ஓம் என்றுதான் சொல்கிறேன்.