சளிக்குக் கை வைத்தியம்: கொள்வதும் தள்ளுவதும்

சளி பிடித்திருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட ஒரு மருந்து சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். தூதுவளை ரசம், கற்பூரவல்லிச் சாறு, மஞ்சளும் மிளகும் போட்ட பால், நொச்சி இலை போட்டு ஆவி, நெற்றிக்குச் சுக்குப் பற்று என்று பட்டியல் நீளும். ஐப்பசி பிறந்ததும் நாட்டு மருந்துக் கடையில் இவற்றில் பாதி பொட்டலமாகக் கட்டியே கிடைக்கும். கை வைத்தியத்தைப் பற்றிய சண்டையும் பொட்டலமாகவே நடக்கிறது. ஒரு தரப்பு முன்னோர் சொன்னது என்று மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. இன்னொரு தரப்பு பாட்டி காலத்துச் சமாசாரம் என்று மொத்தமாகத் தள்ளுகிறது. பிரித்துப் பார்ப்பவர் குறைவு. பிரித்துப் பார்த்தால், சளியின் அவதியை ஆற்றுவதில் அது கெட்டி. சளி வராமல் தடுப்பதில் பெரும்பாலும் வெறும் பேச்சு. கைக்குழந்தைகள் விஷயத்தில் சில இடங்களில் நேரடி ஆபத்து.

முதலில் நோயின் குணம். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கும் மேல். அதிகம் அகப்படுவது ரைனோவைரஸ். அதில் மட்டுமே 150க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை வரும், பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு அதைவிடக் கூடுதல். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழிலிருந்து பத்து நாளுக்குள் தானாக அடங்கிவிடும். இருமல் மட்டும் மூன்றாவது வாரம் வரை இழுக்கலாம். தானாக அடங்கும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் பலித்த மாதிரிதான் தெரியும். தாங்க முடியாமல் போகிற மூன்றாம் நாள்தான் பலர் அடுப்பில் கஷாயம் ஏற்றுகிறார்கள். நான்காம் நாள் சளி இறங்குவது கஷாயத்தின் கணக்கில் வரவாகிறது.

இந்த மயக்கம் பாட்டிகளுக்கு மட்டும் உரியதல்ல. இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங், வைட்டமின் சி-யை ஏராளமாகச் சாப்பிட்டால் சளியை விரட்டலாம் என்று 1970இல் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வின்படி, தினமும் சாப்பிட்டு வந்த பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் காலம் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பத்து நாள் சளியில் ஒரு நாள்கூடத் தேறாது. பொதுமக்களுக்குச் சளி வருவதும் குறையவில்லை; பிடித்த பிறகு சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கும் சொல்லும்படியான பலன் இல்லை. ஆங்கில மருந்தின் சங்கதியும் அப்படித்தான். மூக்கடைப்பு மாத்திரைகளில் காலங்காலமாகச் சேர்க்கப்படும் ஃபினைலெஃப்ரினை விழுங்கினால் மூக்கு திறப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023இல் ஒருமனதாகச் சொன்னது. எனவே கஷாயத்தை மட்டும் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல.

கை வைத்தியத்தின் பலம் எங்கே என்று கேட்டால் சுக்குக் காபியைத்தான் காட்டுவேன். சுக்கு, மல்லி, மிளகு இடித்த தூளும் கருப்பட்டியும் கொதிக்கும்போது எழுகிற வாசனையிலேயே மூக்கு பாதி விழித்துக்கொள்ளும். முதல் வாய் தொண்டையில் இறங்கியதும் கரகரப்பு தணியும், கண்ணில் நீர் கட்டும், நெற்றி வியர்க்கும். இது மனப்பிரமையா? பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் சளி ஆய்வு மையம் 2008இல் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு சோதனையைச் செய்தது. சளி பிடித்த 30 பேருக்கு ஒரு பழரசத்தைச் சூடாகவும், அதையே அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி எல்லாவற்றிலும் உடனடி ஆறுதல். அறை வெப்பத்தில் குடித்தபோது அதில் பாதிதான். வேடிக்கை என்னவென்றால், மூக்கு வழியே போகும் காற்றைக் கருவி வைத்து அளந்தபோது சூடான பானத்தாலும் எந்த மாற்றமும் இல்லை. தைலம் தடவும்போது மூக்கு திறந்தாற்போல் இருப்பதும் இந்த வகைதான். மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது.

இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, எல்லாம் ஏமாற்று என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சளியில் மனிதர் படுவது அவதிதான்; அவதி குறைந்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால் கார்டிஃபில் கொடுத்த பழரசத்தில் சுக்கும் இல்லை, திப்பிலியும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. புகழில் பெரும் பங்கு சூட்டுக்கும் இனிப்புக்கும் போக வேண்டியது. கண்டந்திப்பிலி ரசமோ நாட்டுக்கோழி ரசமோ, வீட்டில் எது வாய்க்குப் பிடிக்கிறதோ அதை வைத்துக் குடிக்கலாம். எந்த மூலிகை உயர்ந்தது என்ற வாதத்துக்கு இங்கே அதிக வேலை இல்லை.

தேன் அதற்கு ஒரு படி மேலே நிற்கிறது. ஒரு வயது தாண்டிய குழந்தைகளின் இருமலுக்கு, ஒன்றும் கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் நல்லது என்று பல சோதனைகளைத் தொகுத்த ஆய்வுகள் சொல்கின்றன. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலிலும் 2018 முதல் அது இருமலுக்கு உரிய வீட்டு மருந்தாக இடம்பெற்றிருக்கிறது. ஆடாதோடையின் கதை இன்னும் சுவையானது. அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்து உருவாக்கியதுதான் புரோம்ஹெக்ஸின். அதிலிருந்து வந்தது ஆம்ப்ராக்ஸால். மெடிக்கலில் வாங்கும் கோழை கரைக்கும் சிரப்புகள் பலவற்றின் முகவரி நம் வேலியோரத்துச் செடி. அதற்காக இலையைப் பறித்துக் கொதிக்க வைத்தால் சிரப்பு ஆகிவிடாது. சிரப்பில் எவ்வளவு மருந்து என்று லேபிளில் இருக்கிறது. கஷாயத்தில் எவ்வளவு என்பது செடிக்குச் செடி, அடுப்புக்கு அடுப்பு வேறுபடும்.

ஆவி பிடிப்பதற்கு வருவோம். பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அதில் நொச்சியோ தைல மரத்து இலையோ, மேலே தலையோடு போர்த்திய கனத்த போர்வை. பெரும்பாலும் தரையில் அல்லது ஆடும் ஸ்டூலில் பாத்திரம். உள்ளே மூச்சு முட்டும் குழந்தை திமிறும். திமிறாதே என்று அம்மா தோளைப் பிடித்து அழுத்துவாள். அடுத்த கணம் பாத்திரம் சரிந்தால் தண்ணீர் போவது மடியிலும் தொடையிலும்தான். 2020இல் கொரோனா முதல் அலையின்போது, ஆவி பிடிக்கப் போய் வெந்துபோன குழந்தைகளின் வருகை வழக்கத்தைவிட 30 மடங்கு கூடியதாக பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு எழுதியது. பலன் பக்கத்தில்? ஆவி குறித்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு, உறுதியான பயன் என்று எதையும் காட்ட முடியவில்லை என்றது. பெரியவர்கள் கொஞ்ச நேரச் சுகத்துக்காக மேசை மேல் பாத்திரத்தை வைத்துப் பிடிக்கட்டும். குழந்தைக்கு வேண்டாம். வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையில் நிறையும் ஆவியே அதற்குப் போதும்.

குழந்தை என்றதும் நம் வீடுகளில் வரும் துணிச்சல் எனக்கு எப்போதும் வியப்பு. எண்ணெய்க் குளியலின்போது பச்சிளம் குழந்தையைக் காலில் கிடத்தி மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் தொண்டைக்குத் தெரியாது, இருமி வெளியே தள்ளவும் வராது. அங்கே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தை மருத்துவர்கள் நெடுங்காலமாக எச்சரித்து வரும் விஷயம் இது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது இன்னொன்று. கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். சிறு குழந்தைகளுக்கு வலிப்பை வரவழைக்கும். கடைத் தைலங்களின் அட்டையிலேயே இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்று போட்டிருப்பது சும்மா இல்லை. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது, நாக்கில் தடவும் அளவுக்குக்கூட. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் விதைகளைச் சமாளிக்கக் குழந்தையின் குடலுக்குப் பக்குவம் போதாது. தலை காய்வதற்குப் போடும் சாம்பிராணிப் புகை வீசிங் உள்ள குழந்தைக்கு என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதே நேரம், பெற்றோர் ஏன் பாட்டி வைத்தியத்திடம் ஓடுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் 20 பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது, அனுமதி 0.1 சதவீதம். தரமான சிரப்பே ஆனாலும் சின்னக் குழந்தையின் சளிக்கு அவசியமில்லை என்று மத்திய சுகாதாரத் துறையே அப்போது நினைவூட்டியது. சாதாரணச் சளிக்கு மெடிக்கலில் அசித்ரோமைசின் வாங்கி மூன்று நாள் போடும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வைரஸை அது தொடக்கூடத் தொடாது. அந்த மாத்திரைக்குப் பதிலாக ஒரு வீட்டில் ஒரு டம்ளர் ரசம் இறங்கினால், கை வைத்தியம் செய்யும் ஆகப் பெரிய நன்மை அதுதான்.

தடுக்கும் என்ற வாக்குறுதிதான் எனக்குச் செரிக்கவில்லை. 2020இல் தமிழக அரசே கபசுரக் குடிநீரை வீதிவீதியாகக் கொடுத்தது. அதற்குப் பிறகு 15 சரக்குகள் சேர்ந்த அந்தச் சூரணம் சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு வந்துவிட்டது. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற வாசகத்தைக் கேள்வி கேட்பாரில்லை. சளியில் நாம் படும் பாட்டில் பெரும்பகுதி வைரஸ் செய்வதல்ல. மூக்கு வீங்குவது, நீர் ஒழுகுவது, உடம்பு வலிப்பது எல்லாம் எதிர்ப்புச் சக்தியின் கைவேலை. அதைக் கூட்டினால் என்ன ஆகும் என்று கடைக்காரரைக் கேட்டால் விழிப்பார். தினமும் குடித்தால் தப்பில்லை என்ற நம்பிக்கையும் சரியல்ல. சீந்தில் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாக மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் சாப்பிட்டது சீந்திலின் சாயலுள்ள வேறு செடியாக இருக்கலாம் என்றது. இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலிலேயே சந்தைச் சரக்கின் லட்சணம் தெரிந்துவிடுகிறது. கபசுரக் குடிநீரிலும் சீந்தில் உண்டு.

‘குளிர்ச்சி’ என்று தயிரையும் வாழைப்பழத்தையும் கொய்யாவையும் வாரக்கணக்கில் நிறுத்துவதற்கும் ஆதாரமில்லை. ஏற்கெனவே சாப்பிட மறுக்கும் குழந்தையின் தட்டில் இருந்ததையும் எடுத்துவிடுகிறோம். மழையில் நனைந்தால் சளி பிடிக்கும் என்பதை மட்டும் முழுசாகச் சிரித்துத் தள்ள முடியவில்லை. கார்டிஃபில் 2005இல் 90 பேரைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கால் வைத்திருக்கச் சொன்னார்கள். 90 பேர் வெறும் தொட்டியில் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் முதல் கூட்டத்தில் 13 பேர், மற்றதில் 5 பேர் சளி என்றார்கள். உள்ளே ஒளிந்திருந்த வைரஸ் குளிரில் தலைதூக்கியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

உண்மையாகவே தடுப்பவை சாதுவானவை. சோப்புப் போட்டுக் கை கழுவுவது ஒன்று. மூக்கைத் தொட்ட கை கதவுப் பிடியைத் தொட்டும் ரைனோவைரஸ் ஊர் சுற்றுகிறது. தூக்கம் இன்னொன்று. அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்த சோதனையில், இரவில் 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி வரும் வாய்ப்பு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்கு. ஜப்பானில் 387 பேரை வைத்துச் செய்த சோதனையில், வெறும் தண்ணீரில் தினமும் தொண்டை கொப்பளித்தவர்களுக்குச் சளி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அயோடின் மருந்தில் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சளியின் முதல் அறிகுறியிலேயே மூக்கில் உப்புநீர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்லி பிரிட்டனில் ஆயிரக்கணக்கானவர்களிடம் செய்த பெரிய சோதனையின் முடிவு 2024இல் வந்தது. நோயில் கழிந்த நாட்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன, ஆன்டிபயாட்டிக் வாங்குவதும் குறைந்தது. மூக்கில் நீர் விட்டுக் கழுவும் நம்மூர் ஜலநேத்திக்கு நெருங்கிய உறவு இது. செய்ய நினைப்பவர்கள் கொதிக்க வைத்து ஆறிய நீரில் உப்பைக் கரைத்துக்கொள்ளட்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பலரைக் கொன்ற மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.